திங்களாழ்ச்ச சேர வேண்டிய மெஷின்

— பத்து மதி சார், அது போதும்… இல்ல சார், பத்துக்கு மேல லைசன்ஸ் வாங்கல்லல்லா… ஓகே சார். திங்களாழ்ச்ச காலத்த ஆபீசு தெறக்கும் முன்ன ஆரியங்கோட்டில கொண்டு வச்சிருவேன். ஆமா சார், வீட்டில தான் இருக்கு. ஒரு மனுஷனும் அறியாது… சரி சார், வச்சிருதேன்.

— யாரு, மேனேஜரு மோகனன் சாரா?

— பிந்து! நீ எப்பம் வந்த? கதவு தெறந்தது கேக்கல்ல.

— இந்த மெஷினுக்க எரச்சல்ல பாறசாலை ஸ்டேஷனில நிக்கிய ரயிலு வீட்டுக்குள்ள வந்தாலும் உங்களுக்கு கேக்காது. என்னதாக்கும் பத்து?

— அது லைசன்ஸ். சிம்பிள் காரியம். நீ போய் மேல் கழுவிட்டு வா, நான் சாயா போடுதேன்.

— ஷாலு பெறந்து நான் பாயில கெடந்தப்பம் ஒரு தடவ சாயா போட்டு தந்தீங்க. அதுக்கு பிறவு இண்ணைக்காக்கும். சொல்லுங்க சேட்டா. லைசன்ஸ்ணா என்ன?

— ஒரு ஆளு அவனுக்க கம்ப்யூட்டர்ல இருந்து சர்வருக்குள்ள கேறணும்ணா ஒரு லைசன்ஸ் வேணும். பஸ்சில சீட்டு போல, கேட்டியா? சிம்பிள்.

— அப்பம் பத்து பேரு கேறலாம்.

— ஆமா.

— நம்ம ஆபீசில கம்ப்யூட்டருக்க முன்னால இருக்கியது இருபத்திரெண்டு பேராக்கும்.

— அது… மொதல்ல பத்து. பின்ன தேவைக்கு அனுசரிச்சு கூட்டிக்கிடலாம்.

— இப்பம் போனில ‘பத்துக்கு மேல வாங்கல்ல’ண்ணு தான சொன்னீங்க. கூட்டுவாங்கண்ணு ஒரு வார்த்த கேக்கல்லியே.

— பிந்து, இது டெக்னிக்கல் காரியம். உனக்கு மனசிலாவாது.

— மனசிலாவது போல சொல்லுங்க. வியாழாழ்ச்ச கம்பெனி ஜீப்பில இந்தப் பெட்டி வந்து எறங்குனப்பம் என்ன சொன்னீங்க? ‘பழைய சர்வர் சூடாவுது, அதுக்கு ஒரு துணை’ண்ணு. நானும் சரிண்ணு நம்ம படுக்கிய ரூமில எடம் ஒதுக்கி தந்தேன். இதுக்கு ஏ.சி. வேணும்ணு நம்ம கட்டில சொவரோட தள்ளிப் போட்டீங்க. ரெண்டு ராத்திரி இந்த எரச்சலுக்க பக்கத்தில கெடந்தேன். இது துணையா, இல்லியா?

— இல்ல. பழச எடுத்துட்டு அதுக்கு பகரம் வைக்கியது.

— பின்ன ஏன் ஆபீசில வச்சு செய்யல்ல?

— புதுசு ஒண்ண நேரே கொண்டு போய் அங்க குத்த முடியாது, கேட்டியா? ஆபீசு நெட்வொர்க்கு பூரா வைரஸ் கெடக்கு. சொறி பிடிச்ச பிள்ளையளுக்க நடுவில பெத்த பிள்ளய கெடத்துனது போல ஆவும். வெளிய வச்சு எல்லாத்தயும் ஏத்தி, பூட்டு போட்டு, ஆளுகளுக்கு பாஸ்வேர்டு உண்டாக்கி, கடைசியில பழசுக்க பேர தான் இதுக்கும் போடணும். ஒரே பேரில ரெண்டு மெஷின் ஒரு நெட்வொர்க்கில நிக்காது. அதனால பழச அணைச்ச பிறவு தான் இத சேக்கணும். சேத்தாச்சுண்ணா கம்ப்யூட்டருக்கு முன்னால இருக்கியவனுக்கு மாத்தமே தெரியாது. அது தான் இந்த சோலிக்க அழகு.

— நீங்க சொன்னது ஒக்க மெஷினுக்க காரியம். நான் கேட்டது ஆளுக்க காரியம்.

— என்ன ஆளு?

— பாஸ்வேர்டு உண்டாக்கணும்ணீங்களே, அந்த ஆளு. மீதி பன்னெண்டு பேருக்கு பாஸ்வேர்டு எப்பம்?

— ஷாலு டியூஷன் முடிஞ்சு வாற நேரமாச்சு. நான் போய் கூட்டிட்டு வாறேன்.

— ஷாலுவ இண்ணைக்கு எனக்க அம்மைக்க வீட்டில படுக்க விட்டுட்டு தான நான் வாறேன். மறந்து போச்சா? இருங்க. மொகத்தப் பாத்து சொல்லுங்க. ஆபீசில பேசிக்கிடுதாங்களே, கொச்சிக்காரங்க நம்ம கம்பெனிய வாங்குனது ஒள்ளதா?

— …ஒள்ளதாக்கும்.

— எப்பம்?

— போன மாசம். பில்லும், சம்பளமும், ரப்பர் பால் எடுக்கிய கணக்கும் எல்லாம் இனி கொச்சியில இருந்து தான் நடக்கும். ரப்பர் பால் தூக்கிய எடத்தில ஒரு பய போன்ல எடைய போட்டான்ணா நேரே அங்க போயிரும். அதுக்கு நடுவில இருந்து எழுத ஆளு வேண்டாம். இந்த மெஷின் அவங்களுக்க நெட்வொர்க்கில சேந்த ஒடனே இஞ்ச பத்து பேரு மதி.

— சேந்த ஒடனேண்ணா, திங்களாழ்ச்ச.

— ஆமா.

— திங்களாழ்ச்ச நெய்யாற்றின்கரை லேபர் ஆபீசில பேச்சு வச்சிருக்கு. தற்காலிகமா இருக்கியவங்கள பெர்மனன்ட் ஆக்கணும்ணு. நான் யூணியன் செக்கிரட்டறியாக்கும். நான் அங்க போய் ஆபீசர்ட்ட ‘இவங்கள பெர்மனன்ட் ஆக்குங்க’ண்ணு கெஞ்சிட்டு இருக்கிய அதே நேரம், எனக்க கெட்டியவன் அவங்கள்ல பன்னெண்டு பேருக்க நாற்காலிய எடுத்து வெளிய போடுவாரு. அப்பிடித் தான?

— நான் போடல்ல பிந்து. கொச்சியில தீர்மானிச்சாச்சு. நான் செய்யல்லண்ணா வேற ஒருத்தன் வந்து செய்வான்.

— வேற ஒருத்தன் செஞ்சிருந்தா நான் அவன ஏசிட்டு, ராத்திரி உங்கள்ட்ட வந்து அழுதிருப்பேன். இப்பம் நான் எங்க போய் அழ?

— நான் உன்ட்ட சொல்லணும்ணு தான் நெனச்சேன்.

— எப்பம்? சேத்த பிறவா?

— மோகனன் சாரு வாயத் தெறக்கப்பிடாதுண்ணாரு. குறிப்பா உன்ட்ட. என்ன செய்ய? எனக்க நெலம உனக்கு அறியுமா? நானும் கான்ட்ராக்டு தான். இத்தன வருஷம் அந்த ஆபீசில நான் என்ன செஞ்சேன்? தூசி ஊதினேன். கீபோர்டில சாயா கொட்டினா தொடச்சேன். செத்த மெஷினுக்க பார்ட்ட பறிச்சு சாவப்போற மெஷினில போட்டேன். பெட்டி பிரிக்காத ஒரு புது சர்வர் எனக்க கையில வாறது இது தான் மொதல்ல. வியாழாழ்ச்ச ராத்திரி அத ஆன் செய்யிய முன்ன கைய ரெண்டு தடவ சோப்பு போட்டு கழுவினேன், கேட்டியா. நல்லா செஞ்சு தந்தா உன்ன பெர்மனன்ட் ஆக்குவேன்ண்ணு சொல்லியிருக்காரு.

— அப்பம் நம்ம வீட்டில ஒருத்தருக்கு பெர்மனன்ட் ஆயாச்சு. லேபர் ஆபீசுக்கு போவாமலே.

— குத்திப் பேசாத. நான் பதினஞ்சு லைசன்ஸ் கேட்டு சண்ட போட்டேன். முடியாதுண்ணுட்டாரு.

— அந்த பத்து பேரு யாராக்கும்?

— இஞ்ச உள்ளவங்கள்ல ஒம்பது பேருக்க பேரு கொச்சியில இருந்து எழுதி வந்தது. அவங்களா எடுத்தது.

— பத்தாவது?

— அப்டேட்டு எது வர ஆச்சுண்ணு ஒண்ணு பாக்கட்டு.

— சேட்டா, பத்தாவது ஆளு யாரு?

— நீ தான். பயப்படாத. உன்ன நான் உள்ள போட்டாச்சு.

— நீங்க போட்டதா?

— பத்தாவது ஆள மட்டும் இஞ்ச வச்சு தீர்மானிக்கலாம், ரெண்டு பேருல யாரு கம்ப்யூட்டர் நல்லா அறியும்ணு மோகனன் சாரு என்னட்ட கேட்டாரு. நான் உனக்க பேரச் சொன்னேன். நீ சந்தோஷப்படுவேண்ணு…

— ரெண்டு பேருண்ணா, மத்தது யாரு?

— விடு பிந்து.

— யாராக்கும் அது?

— சரசம்மா அக்கா.

— …எனக்க தெய்வமே.

— அக்காக்கு ரிட்டயர் ஆவ இனி கொஞ்ச வருஷம் தான இருக்கு. ரெண்டு பிள்ளையளும் சோலிக்கு போறானுவ. நமக்கு ஷாலு இருக்கு. அவளுக்க படிப்பு இருக்கு. நான் வேற என்ன சொல்லுவேன்?

— ஷாலு வயித்தில இருந்தப்பம் அந்த ரப்பர் பாலுக்க நாத்தம் தாங்காம நான் எடைக்கூடத்துக்க பின்னால வாந்தி எடுத்துட்டு கெடந்தேன். பழைய மேனேஜரு ‘முடியல்லண்ணா வீட்டில இரி’ண்ணு சொல்லி என்ன வெரட்டப் பாத்தாரு. அப்பம் யாரு எனக்க சோலியையும் சேத்து செஞ்சது? அக்கா. அவங்களுக்கு கம்ப்யூட்டர் அறியாதுண்ணா சொன்னீங்க? நாப்பது வயசுக்கு பிறவு ஒத்த வெரலால தட்டித் தட்டி படிச்ச மனுஷியாக்கும். பத்தொம்பது வருஷம் தற்காலிகம். இந்த தடவ கண்டிப்பா பெர்மனன்ட் ஆவும்ணு நான் அவங்களுக்க கையப் பிடிச்சு சொல்லியிருக்கேன், சேட்டா. கையப் பிடிச்சு!

— நீ சொன்னது உனக்க யூணியனுக்க காரியம். நான் பாத்தது நம்ம குடும்பம்.

— என்னட்ட ஒரு வார்த்த கேட்டீங்களா?

— கேட்டா நீ வேண்டாம்ணு சொல்லுவ.

— அதனால கேக்கல்ல.

— ஆமா, அதனால தான் கேக்கல்ல. இப்பம் என்ன? கட்டினவளுக்க சோலிய காப்பாத்தினது குற்றமா?

— நீங்க காப்பாத்தினது எனக்க சோலிய. திங்களாழ்ச்ச மொதல் நான் அந்த ஆபீசில யாருக்க மொகத்தப் பாத்து இருக்கணும்? காலியான பன்னெண்டு மேசைக்க நடுவில, உங்களுக்க பத்தாவது சீட்டில!

— பிந்து, நில்லு, அங்க போவாத! ஒயரில கை வைக்காத! அப்டேட்டு ஓடிட்டிருக்கு, இப்பம் அணைச்சா எல்லாம் போயிரும்!

— போட்டும்.

— ரெண்டு நாளா ஊணும் உறக்கமும் இல்லாம செஞ்சதாக்கும். உனக்க கால வேணும்ணாலும் பிடிக்கேன். எடுக்காத.

— கால விடுங்க. சீ, எழும்புங்க! நான் ஒண்ணும் செய்யல்ல. பாவம், இந்த மெஷின் என்ன தப்பு செஞ்சுது? நான் இத ஒடச்சா நாளைக்கு வேற ஒண்ணு வாங்குவானுவ. அது எனக்கும் தெரியும்.

— அது தான் நானும் சொல்லியது.

— ஆனா நான் சும்மா இருக்க மாட்டேன். இண்ணைக்கு சாயங்காலமே கமிட்டிய கூட்டுவேன். இருபத்திரெண்டு பேரையும் விளிச்சு சொல்லுவேன். திங்களாழ்ச்ச பேச்சில மொத காரியமே இது தான். சேக்கிய முன்ன ஆபீசர் தடுத்தா, கொச்சிக்காரனும் கொஞ்சம் யோசிப்பான். நேரம் இருக்கு. ஒண்ணர நாள் இருக்கு.

— நீ சொன்னேண்ணா மோகனன் சாருக்கு தெரியும், நான் தான் உன்ட்ட சொன்னேன்ண்ணு. எனக்க சோலி அதோட தீந்துது.

— தெரியட்டும்.

— அவரு நம்ம வீட்டுக்கு ஒரு உபகாரம் செஞ்ச மனுஷனாக்கும் பிந்து. நெய்யாற்றின்கரையில ஒரு கூட்டுக்காரனுக்க கம்ப்யூட்டர் கடையில வச்சு செய்யலாம்ணு நான் சொன்னேன். ‘வேண்டாம் ஜினு, கடைண்ணா நாலு பேரு வந்து போற எடம். வீட்டில வையி. பிள்ளய பாத்த மாதிரியும் ஆச்சு’ண்ணாரு. கம்பெனி ஜீப்பும் தந்து, ஏத்தி எறக்க ரெண்டு ஆளையும் விட்டாரு. இவ்வளவு பாத்து செய்யிய மனுஷன நான் காட்டிக் குடுக்கவா?

— இருபத்திரெண்டு பேர நீங்க காட்டிக் குடுக்கலாம். அவரக் குடுக்கப்பிடாதா? எனக்க போன் எங்க?

— யார விளிக்கப் போற?

— சுவாமிதாஸ் அண்ணன. யூணியன் தலைவருக்கு தான மொதல்ல சொல்லணும்.

— ஒரு நிமிஷம் யோசி பிந்து. நம்ம ரெண்டு பேரும் ஒண்ணிச்சு வெளிய போனோம்ணா வீட்டு லோனு எப்பிடி…

— பேசாதீங்க. மணி அடிக்குது… எடுக்கல்ல.

— சனியாழ்ச்ச லீவு தான. உறங்குவாரு.

— உச்சைக்கு மேல உறங்கிய மனுஷனா அவரு? கமிட்டியில உள்ள கார்த்தியாயினிய விளிச்சு பாக்குதேன்… என்ன இது, கட் செஞ்சுட்டா. ரெண்டு தடவ மணி அடிச்சுது, கட் செஞ்சுட்டா.

— சோலியா இருப்பா.

— நேத்து சாயங்காலம் கூட என்னட்ட ‘திங்களாழ்ச்ச எந்த பஸ்சுக்கு போவோம் சேச்சி’ண்ணு கேட்டவளாக்கும். கமிட்டிக்காரன் நிபின விளிக்கேன்… இவனும் எடுக்கல்ல. இது என்ன கதையாக்கும்?

— எல்லாரும் ஏதாவது கல்யாணத்துக்கு போயிருப்பாங்க. விட்டுரு. நாளைக்கு காலத்த ஆறின மனசோட யோசிக்கலாம்.

— பிந்தூ… மக்கா, வீட்டில ஆளு உண்டா?

— அது சரசம்மா அக்காக்க சத்தம் போல இருக்கே.

— எனக்க கடவுளே. பிந்து, ரூம் கதவ அடை. பெட்ஷீட்ட எடுத்து அது மேல போடு. நான் வெளிய நிப்பாட்டி பேசி விட்டுருதேன்.

— பெட்ஷீட்டு போட்டா எரச்சல் நிக்குமா? தள்ளி நில்லுங்க. வாங்க அக்கா, கேறி வாங்க! இந்த வெயில்ல நடந்தா வந்தீங்க?

— ஆமா மக்கா, பஸ்சு ஜங்ஷனில விட்டுது. ஆட்டோக்காரன் ஒருத்தனையும் காணல்ல. நீ இருக்கியா ஜினு? நல்லது. ரெண்டு பேரும் இருக்கியது நல்லது தான்.

— இருங்க அக்கா. சாயா எடுக்கவா?

— வேண்டாம் மக்கா. ஒரு கிளாஸ் வெள்ளம் தா. …அது என்ன எரச்சல்? மாவு மில்லு போல கேக்குது.

— ஏ.சி.யாக்கும் அக்கா. பழசாச்சு, சத்தம் போடுது. சர்வீசுக்கு சொல்லியிருக்கேன்.

— ஏ.சி. இல்ல அக்கா. அவரு கள்ளம் சொல்லுதாரு. வெள்ளத்த குடிச்சிட்டு எனக்க கூட வாங்க. நீங்களே பாருங்க.

— பிந்து!

— இதாக்கும் அக்கா.

— இதா? இத்தரயும் தானா? நான் ஒரு பீரோ கணக்கா பெரிசா இருக்கும்ணுல்லா நெனச்சேன்.

— நெனச்சீங்களா? அப்பம் உங்களுக்கு முன்னமே அறியுமா?

— நீ சொல்லு மக்கா. நீ சொல்லி நான் கேக்கணும். அதுக்காக்கும் இந்த வெயில்ல வந்தது.

— சொல்லுதேன். இது திங்களாழ்ச்ச நம்ம ஆபீசில சேரப் போற சர்வர். சேந்த ஒடனே கணக்கு ஒக்க கொச்சிக்கு போவும். இஞ்ச பத்து பேரு மட்டும் இருப்பாங்க. மீதி பன்னெண்டு பேரையும் சோலியில இருந்து விடுவாங்க.

— நான்?

— அக்கா…

— சொல்லு மக்கா. கேக்கத் தான வந்திருக்கேன்.

— நீங்க பன்னெண்டில.

— நீ?

— நான் பத்தில. பத்தாவது எடத்துக்கு நீங்களா நானாண்ணு கேட்டிருக்காங்க. உங்களுக்க எடத்தில தான் என்ன இருத்தியிருக்கு. என்னட்ட கேக்கல்ல. இவராக்கும் எனக்க பேரச் சொன்னது. சத்தியமா, இப்பம் கொஞ்சம் முன்ன தான் எனக்கே தெரியும்.

— ஜீப்பு வந்தது வியாழாழ்ச்சயில்லா?

— ஆமா.

— இண்ணு சனி. ரெண்டு நாளா நீ உறங்கிய ரூமில இருக்கு.

— பழசுக்கு துணைண்ணு சொன்னாரு. நம்பினேன் அக்கா. நான் அதுக்கு மேல கேக்கல்ல.

— கட்டினவன் சொன்னத நம்பினேண்ணு சொல்லிய. அதில தப்பு சொல்ல நான் ஆளில்ல.

— நீங்க என்ன நம்புதீங்களா?

— நம்புதேன் மக்கா. உனக்க மொகம் எனக்கு அறியும். நான் ஒருத்தி நம்பி என்ன பிரயோஜனம், அது தான்.

— அக்கா, எனக்க மேல கோவப்படாதீங்க. நான் வேணும்ணு…

— நீ இரி ஜினு. உன்ன நான் ஏசல்ல. எனக்க மவன்ட்ட கேட்டிருந்தா அவனும் எனக்க பேரத் தான் சொல்லியிருப்பான். ஒண்ணு மட்டும் கேக்கேன். அந்த மனுஷன் உன்னட்ட கேட்டப்பம், எனக்க மொகம் உனக்க மனசில வந்துதா?

— வந்துது அக்கா.

— வந்த பிறவு தான் சொன்னியா?

— …ஆமா.

— சரி. வராம சொல்லியிருந்தா எனக்கு கொஞ்சம் ஆறுதலா இருந்திருக்கும்.

— அக்கா, இங்க பாருங்க, அழாதீங்க. ஒண்ணும் கைவிட்டு போவல்ல. இது இன்னும் சேரல்ல. நம்ம இப்பம் ஒண்ணிச்சு போவோம். வீடு வீடா கேறி சொல்லுவோம். நானே எல்லார்ட்டயும் சொல்லுதேன், எனக்க வீட்டில தான் இருக்கு, எனக்க கெட்டியவன் தான் செஞ்சாருண்ணு. எனக்கு அந்த பத்தாவது சீட்டு வேண்டாம்ணும் சொல்லுதேன். சாயங்காலம் கமிட்டிய கூட்டினா…

— கமிட்டி கூடியாச்சு மக்கா.

— என்னது?

— சுவாமிதாசுக்க வீட்டில. காலத்த மொதல் இருக்காங்க. நான் அங்க இருந்து தான் வாறேன்.

— செக்கிரட்டறிய விளிக்காம கமிட்டியா?

— உனக்க காரியம் பேசத் தான் கூடினது. பின்ன உன்ன எப்பிடி விளிப்பாங்க?

— எனக்க என்ன காரியம்?

— நீ கொச்சிக்காரனுக்க கையில விழுந்தாச்சுண்ணு. உன்ன மாத்திட்டு கார்த்தியாயினிய போடணும்ணு கொஞ்சம் பேரு. லேபர் ஆபீசுக்கே போவாண்டாம், செக்கிரட்டறியே வெல பேசியாச்சு, இனி யாருக்க நெழல்ல நிக்கியது, தாறத வாங்கிட்டு அவனவன் சோலியப் பாக்கலாம்ணு வேற கொஞ்சம் பேரு. ரெண்டா பொளந்தாச்சு மக்கா. நிபின் பய சட்டயப் பிடிச்சு அடிக்கப் போய்ட்டான். நேத்து வர ஒரே இலையில சோறு தின்ன ஆளுவளாக்கும்.

— அதாக்கும் யாரும் போன் எடுக்காதது.

— எடுக்கப்பிடாதுண்ணு சொல்லி வச்சிருக்கு.

— நீங்க என்ன சொன்னீங்க அக்கா? நீங்க அங்க இருந்தீங்கல்லா. எனக்காவ ஒரு வார்த்த சொல்லல்லியா?

— நான் ஒருத்தி தான் எழும்பினேன். பிந்துக்க வீட்டில அப்பிடி ஒரு மெஷின் இருக்கவே இருக்காது, எனக்க தலயில அடிச்சு சத்தியம் செய்யுதேன்ண்ணேன். நான் போய் எனக்க கண்ணால பாத்துட்டு வந்து சொல்லுதேன், அது வர ஒண்ணும் தீர்மானிக்காதீங்கண்ணு கெஞ்சி பிடிச்சு நிறுத்திட்டு வந்தேன். அங்க இருக்காங்க. நான் திரும்பிப் போய் சொல்லியத கேக்க இருக்காங்க.

— இப்பம் போய் என்ன சொல்லுவீங்க?

— கண்டத தான சொல்ல முடியும் மக்கா.

— நானும் வாறேன். எனக்க வாயால சொல்லுதேன்.

— வராத. உன்ன பேச விடமாட்டாங்க. அந்த நெலையில இல்ல அவங்க. நீ வந்தா அடி தான் நடக்கும்.

— ஒரு நிமிஷம் அக்கா. எனக்கு ஒண்ணு மனசிலாவல்ல. இந்த மெஷின் இஞ்ச இருக்கியது ஒருத்தருக்கும் அறியாது. ஜீப்புக்காரன்ட்ட கூட பழைய பிரிண்டர்ண்ணு தான் சொன்னது. நானும் மோகனன் சாரும் இல்லாம ஈ எறும்பு அறியாத காரியமாக்கும் இது. பின்ன கமிட்டிக்கு யாரு சொன்னது?

— மோகனன் சாரு தான் ஜினு. இண்ணைக்கு காலத்த ஒவ்வொருத்தருக்கா போன் போட்டு சொன்னாரு: ‘உங்களுக்க செக்கிரட்டறி ஆளக் கொறைக்க சம்மதிச்சாச்சு, மெஷினே அவளுக்க வீட்டில தான் இருக்கு, நம்பல்லண்ணா ஒருத்தர விட்டு பாத்துக்கிடுங்க.’